இரண்டாவது கரண்டிக்குக் காசில்லை

1

நான் மெக்சிக்கோவுக்குப் போனதில்லை. அமெரிக்காவுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆனால் ஐந்து வருடமாக ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கத்துப் பிளாசா ஒன்றில், மெக்சிக்கோச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் தொப்பி போட்ட கள்ளிச்செடிப் பொம்மை ஒன்று சிரித்தபடி நிற்கும். உள்ளே போனால் நான் நிற்பேன். எனக்கு நாள் முழுக்கச் சிரிக்க வராது.

போன கிழமை எங்கள் கடைக்கு ஐந்தாவது பிறந்தநாள். பலூன் கட்டினார்கள். கள்ளிச்செடிக்கு மாலை போட்டார்கள். வாடிக்கையாளருக்குப் பிறந்தநாள் பரிசாக விலையைக் கூட்டினார்கள். பழைய இலக்கங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பலகையில் கொழுவச் சொல்லி என்னைத்தான் ஏணியில் ஏற்றினார்கள். ஏணியில் நிற்கும்போதுதான் இதையெல்லாம் எழுதினால் என்ன என்று தோன்றியது. ஊரிலிருந்து கடிதம் போடும்போதெல்லாம் "அங்கே என்ன வேலை?" என்று கேட்கிறீர்கள். நானும் "ஹோட்டலில்" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். நீங்கள் கட்டிலும் துவாயும் உள்ள ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டால் அது என் பிழையில்லை.

2

முதலில் கடையைச் சொல்கிறேன். நீளமான ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் தட்டம் தட்டமாகச் சிவப்புச் சோறு, அவித்த பயறு மாதிரி ஒரு கறுப்பு அவரை, இறைச்சி, தக்காளிச் சம்பல், துருவிய சீஸ், பிசைந்த அவகாடோ. வருகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பார். நாங்கள் இந்தப் பக்கம் அவருடைய கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்போம். அவர் விரலைக் காட்டுவார், நாங்கள் போடுவோம். கோப்பை வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் பெரிய ரொட்டி ஒன்றுக்குள் வைத்துச் சுற்றிக் கொடுப்போம்.

என் வீட்டுக்காரர், இவரை முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது ரொட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சோத்தை ரொட்டிக்குள்ள வைச்சுத் தின்னுறதோ? உவங்களுக்கு மூளை கழண்டு போச்சுதோ? நாளைக்குப் புட்டுக்குள்ள இடியப்பம் வைப்பாங்கள்."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோப்பா. எனக்கு உதுதான் சம்பளம் தருது" என்றேன்.

அவர் வாயை மூடவில்லை. ஆனால் ரொட்டியை முடித்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

என் மகள் தர்சினிக்கு இப்போது பதின்மூன்று வயது. இரண்டு வயதில் வந்தவள், ஆகவே தமிழை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வாள். வீட்டில் சோறும் பருப்பும் வைத்தால் "அகெய்ன்?" என்று முகத்தைச் சுளிப்பாள். அதே சோற்றையும் அதே அவரையையும் எங்கள் கடையில் காசுக்குத் தின்றுவிட்டு "அம்மா, திஸ் இஸ் சோ குட்" என்பாள். எனக்கு ஆத்திரம் வந்து ஒருநாள் கேட்டேன், இதில் அப்படி என்னடி இருக்கிறது என்று.

"அங்க என்னைக் கேக்கினம் அம்மா. வெங்காயம் வேணுமா, சோளம் வேணுமா எண்டு. வீட்டில யூ ஜஸ்ற் புற் இற்."

அந்தப் பதிலில் இந்தக் கடையின் தொழில் ரகசியம் முழுதும் இருக்கிறது. இங்கே ஆட்கள் ருசிக்கு மட்டும் வருவதில்லை. நாள் முழுக்க முதலாளியும் பஸ்காரனும் பிள்ளைகளும் தங்களை ஏவிக்கொண்டிருக்க, மதியம் ஒருதரம் தாங்கள் விரல் நீட்டி ஏவ வருகிறார்கள். "அதைப் போடு, இதை விடு." அந்த அதிகாரத்துக்குத்தான் காசு. சோறு சும்மா கூட வருவது.

காசு என்றதும் பலகையைச் சொல்லவேண்டும். பலகையின் தலையில் ஒரு விலை இருக்கும், நாலு டொலருக்கு ஒரு சதம் குறைவாக. அதற்குக் கிடைப்பது சோறும் அவரையும் மட்டும். நாலு டொலருக்குக் கீழே என்றால் சாப்பாட்டுக்கு மாகாண வரியும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள், ஆனால் அதை வாங்குகிறவரை நான் அதிகம் கண்டதில்லை. பலகையின் அடியில் ஒரு பென்னாம்பெரிய கோப்பை, விலையைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கும். அதையும் யாரும் வாங்குவதில்லை. நடுவில் உள்ள கோப்பை மலிவு என்று நினைக்கச் செய்வதுதான் அதன் வேலை. பிறகு கண்ணாடி வழியே நடக்கும்போது நாங்கள் சிரித்துக்கொண்டு "அவகாடோ?" என்று கேட்போம். விலை சொல்லமாட்டோம். விலையைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கிறோம், கண்ணாடி போட்டவர்கள் வாசிக்கலாம்.

எங்கள் ஆட்கள் இதில் விழுந்த விழுகையை என்னவென்று சொல்ல! டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் அன்ரி ஒருவர், நான் வேலை செய்கிறேன் என்று பெருமையாகப் பார்க்க வந்தார். நான் அவகாடோ என்றேன், தலையாட்டினார். சீஸ் என்றேன், தலையாட்டினார். புளித்த கிறீம் என்றேன், அவருக்கு அது பிடிக்காது என்று முகமே சொன்னது, ஆனாலும் தலையாட்டினார். காசு கட்டும் இடத்தில் தொகையைக் கேட்டதும் கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீதானே கேட்டனீ! நான் கேட்டனானோ?"

"இல்லை அன்ரி."

"நீ ஆசையாக் கேக்க வேண்டாம் எண்டு சொன்னா உன்ர மனம் நோகுமெண்டுதானே ஓம் எண்டனான்! உதுக்கும் காசோ?"

ஊரில் வீட்டுக்கு வந்தவரை "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டால் கடைசியில் பில் வராது என்பது அவருடைய அறுபது வருட அனுபவம். அதை நான் ஒரு மதியத்தில் கெடுத்தேன்.

ஊரில் மட்டும் தந்திரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணம் ரவுனில் சைவக்கடைக்குப் போனால் நாங்கள் வாய் திறக்க முன்னமே ஒரு தட்டம் வடையைக் கொண்டுவந்து நடுவில் வைப்பான். நாங்கள் ரீ குடிக்கத்தான் போயிருப்போம். மணம் மூக்கில் ஏறும். கடைசியில் மிச்சத்தை எண்ணி, தின்றதற்குக் காசு சொல்லுவான். அங்கே கேட்காமல் வைத்தார்கள், இங்கே கேட்டு வைக்கிறார்கள். எண்ணுவது இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

3

இனி என் கையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் யாருக்கும் சோற்றை ஒருதரம் போட்டுவிட்டு நிறுத்தமாட்டோம். உங்களுக்கு இது புதினமில்லை. ஒரு கரண்டி போட்டால் இரண்டாந்தரம் ஒரு பிடியாவது போடவேண்டும். "போதும், போதும்" என்று அவர் கையை நீட்டித் தடுத்தாலும் அந்த விரல்களுக்கிடையால் நாலு பருக்கையாவது விழவேண்டும். ஒருதரம் மட்டும் போடுவது செத்தவருக்குப் படைக்கும்போது. சின்ன வயதில் ஒருநாள் அவசரத்தில் தம்பிக்கு ஒரு கரண்டியோடு விட்டுவிட்டு எழும்ப, அம்மா அதே கரண்டியால் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு கை தானாகப் போடும். மூளையிடம் அனுமதி கேட்காது.

எங்கள் மனேஜர் கிறெக் ஒரு வெள்ளைக்கார இளந்தாரி. நல்ல மனிதன்தான், ஆனால் அவனுக்குக் கணக்குத்தான் சாமி. கடை திறந்த முதல் வருடம் அவனுடைய சாமிக்குக் குறை வந்துவிட்டது. விற்ற கோப்பைக்கும் அவித்த அரிசிக்கும் பொருந்தவில்லை. முதலில் எங்கள் கைப்பைகளைத் திறந்து பார்த்தான். அவித்த சோற்றைக் கைப்பைக்குள் அள்ளிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் என்று நினைத்தானாக்கும்! எனக்கு வந்த கோபத்தில் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினேன். பஸ் டிக்கெற்றும் திருநீற்றுப் பொட்டலமும் விழுந்தன. திருநீற்றைப் பார்த்ததும் அவன் முகம் இன்னும் சந்தேகமானது.

அடுத்த நாள் என் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றான். பத்துப் பேருக்குப் போட்டு முடிய, "கௌரி, நீ எல்லோருக்கும் இரண்டுதரம் போடுகிறாய்" என்றான்.

எனக்கே அப்போதுதான் தெரியும். விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். என் ஆங்கிலம் அவசரத்துக்கு உதவாத ஆங்கிலம்.

"லிவிங் பீப்பிள், டூ ரைம்ஸ். டெட் பீப்பிள், ஒன்லி வன் ரைம்."

கிறெக் ஓரடி பின்னால் போனான். பக்கத்தில் இறைச்சி போடும் டெனிஸ், ஜமெய்க்காவிலிருந்து வந்த உயரமான பெண், சிரிப்பை அடக்கமுடியாமல் குளிர் அறைக்குள் ஓடிப்போனாள்.

"எங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், கௌரி" என்றான் கிறெக், மிகவும் மெதுவாக. "நான் உனக்கு உறுதி தருகிறேன். ஒரு கரண்டி."

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் பின்னேரம் எழுத்தில் எச்சரிக்கை தந்தான். இன்னும் ஒருமுறை என்றால் வேலை இல்லை.

4

வேலை போனால் போகட்டும் என்று மேலங்கியைக் கழற்றி எறிகிற குணம் எனக்கு இருக்கிறது. எறியாததற்குக் காரணம் அப்பா.

அப்பா கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். அம்மா போன பிறகு தனி ஆள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, கடைசியில் கொழும்பில், வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் ஒரு அறையில் கிடந்தார். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நடுச்சாமத்தில் கதவு தட்டல் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை லொட்ஜில் இருந்த எல்லோரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தொலைபேசியில் அதைச் சொல்லும்போது, "சாப்பாடு தந்தவங்கள் பிள்ளை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவரைக் கனடாவுக்குக் கூப்பிட இமிக்கிறேசனுக்கு வருமானம் காட்டவேண்டும். இவருடைய தொழிற்சாலைச் சம்பளம் தனியாகக் காணாது. என்னுடையதையும் சேர்த்தால் மட்டுமட்டாகக் கோட்டைத் தாண்டும். வேலை செய்கிறாள், தொடர்ந்து செய்வாள் என்று கிறெக் கடிதம் தரவேண்டும். ஆகவே அப்பா வெள்ளவத்தையிலிருந்து வெளியே வருவதும் வராததும் என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையைப் பழக்கினேன். ஒரு கரண்டி போட்டதும் கரண்டியைத் தட்டத்துக்குள் வைத்துவிட்டு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். முன்னால் நிற்கும் மனிதனைப் பார்த்து, "குறை நினைக்காதை ராசா, நூறு வயசுக்கு இரு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். மத்தியான நேரத்தில் வரிசை நீளும்போது இத்தனை பேருக்கும் ஆயுள் கேட்டுக் களைத்துப்போவேன்.

வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட்டது. சோற்றின் அளவு தெரிந்திராது, வரவேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை என்பது தெரிந்தது. பஸ் ஓட்டும் கிழவர் ஒருவர், "என்னோடு கோபமா?" என்று கேட்டார். வீடு கட்டுகிற பெடியன்கள் கூட்டமாக வருகிறவர்கள், இரண்டு கிழமையில் பக்கத்துப் பீற்சாக் கடைக்கு மாறிவிட்டார்கள். கிறெக்கின் அரிசிக் கணக்குச் சரிவந்தது, கல்லாக் கணக்குச் சரிந்தது.

பிறகு ஹெட் ஒஃபீஸிலிருந்து கறுப்பு உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி வந்தாள். மூலை மேசையில் இருந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரித்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். முன்பு என்ன செய்தாய் என்று கேட்டாள். நானும் வாறது வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து எழுதினாள். செத்தவர்கள் வந்த இடத்தில் மட்டும் பேனையை மூடிவிட்டாள்.

ஒரு மாதத்தில் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே புதுக் கரண்டிகள். பளபளவென்று, வடிவான கரண்டிகள், சின்னக் கரண்டிகள். இனி எல்லாக் கிளையிலும் சோறு இரண்டுதரம் போடவேண்டும் என்று கட்டளை. நான் பழைய கரண்டியில் ஒன்று அள்ளி, பிறகு புதியதில் இரண்டு அள்ளிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது இரண்டும் சேர்ந்தும் பழைய ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. அதோடு ஒரு வசனமும் தந்தார்கள், சோற்றோடு சேர்த்துச் சொல்ல. "எ லிற்றில் மோர் ஃபொர் யூ. நோ எக்ஸ்ட்ரா சார்ஜ்." உங்களுக்கு இன்னும் கொஞ்சம், மேலதிகக் காசில்லை.

பலகையில் விலையையும் ஏற்றினார்கள். ஆனால் வரிசை வாசலுக்கு வெளியே போனது. பஸ்காரக் கிழவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார்.

என்னைப் பயிற்சி கொடுக்கிறவள் ஆக்கினார்கள். ரெக்ஸ்டேல் கிளைக்குப் போய் மணிக்கட்டை எப்படி வளைப்பது, எந்த இடத்தில் சிரிப்பது என்றெல்லாம் காட்டிக் கொடுத்தேன். அம்மா காலம் முழுக்கச் சும்மா போட்டதற்கு இவர்கள் ஒரு விலை கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த விலையைச் சும்மா என்று சொல்லி வாங்கவும் தெரிந்துகொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பளமும் கூடியது. கிறெக் கடிதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்தான்.

5

அப்பா ஒரு மாசி மாதத்தில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அவருக்குப் போட்ட குளிர்ச்சட்டைக்குள் அவரைத் தேடவேண்டியிருந்தது.

முதல் மாதம் எல்லாம் புதினம். இரண்டாம் மாதம் பேச்சுக் குறைந்தது. நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. நானும் இவரும் வேலைக்கு, தர்சினி பள்ளிக்கூடத்துக்கு. மதியச் சாப்பாட்டை டப்பாவில் வைத்து, சூடாக்கும் பெட்டியில் எந்தப் பொத்தானை அமத்துவது என்று சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போவேன். பின்னேரம் வந்து பார்த்தால் டப்பாவில் பாதி அப்படியே இருக்கும்.

"ஏனப்பா சாப்பிடேல்லை?"

"பசிக்கேல்லை பிள்ளை. அந்தப் பெட்டி 'கீ' எண்டு கத்திக் கூப்பிடுது. ஆள் கூப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகினனான்."

தர்சினியோடும் ஒட்டவில்லை. அவள் "ஹாய் அம்மப்பா, பாய் அம்மப்பா" என்று அறைக் கதவுக்கும் வாசல் கதவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பாள். அவர் சொல்ல வாயெடுக்க லிஃப்ற் போய்விடும்.

சித்திரையில் இவருடைய மச்சான் அஜக்ஸில் வீடு வாங்கிக் குடிபூர, அந்த விழாவுக்குப் போனோம். மலிவாக வாங்கினதாகச் சொல்லிச் சொல்லி எத்தனை அறை என்று நாலுதரம் காட்டினார்கள். சாப்பாடு நிலவறையில். பெரிய அலுமினியத் தட்டங்கள், கடதாசித் தட்டுகள். "அங்கிள், கூச்சப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று யாரோ போகிற போக்கில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மேலே பெண்களோடு. அப்பா நிலவறைச் சோபாவில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பந்திக்குக் கூப்பிடுவார்கள் என்று இருந்திருக்கிறார். அவர் சாப்பிட்டாயிற்று என்று நான் நினைத்தேன். நான் போட்டிருப்பேன் என்று இவர் நினைத்தார்.

திரும்பி வரும்போது, 401 வீதியில், கார் சத்தத்துக்கு மேலால் அவருடைய வயிறு கத்தியது.

"அப்பா, நீங்கள் சாப்பிடேல்லையோ?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முகாமில தட்டோட வரிசையில நிண்ட நாள் போதும் பிள்ளை. சொந்தக்காரற்ற வீட்டிலயும் நிக்கவேணுமோ?"

கொஞ்சத் தூரம் போக அவரே பேசினார்.

"எனக்கு ஒரு டிக்கெற் போட்டு விடு. நான் லொட்ஜுக்கே போறன்."

"அங்க இப்ப என்ன நிலைமை எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும். பிடிச்சாலும் பிடிப்பாங்கள். ஆனா அங்க சாப்பாடு போடுற பெடியன், சிங்களப் பெடியன், அவன்கூட 'ஐயா, கொஞ்சம்' எண்டு கிட்ட வந்து நிப்பான். இஞ்ச நீ போடுறாய், ஓம். நீ மகள், போடத்தான் வேணும். உன்னை விட்டா இந்த ஊரில எனக்கு 'இன்னும் கொஞ்சம்' எண்டு சொல்ல ஒரு நாதியும் இல்லை."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. எத்தனை கடிதம், எத்தனை பயம், எத்தனை பேருக்கு ஒரு கரண்டியோடு நிறுத்தி இங்கே கொண்டுவந்து சேர்த்த மனிதர் இவர்! ஒரு சோற்றுக்காக அந்த லொறிக்குத் திரும்பிப் போகிறேன் என்கிறாரே! வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டேன். சாப்பிட்டார். முடிவை மாற்றவில்லை. அடுத்த மாதத்துக்குள் டிக்கெற் என்று நாள் குறித்தும் வைத்துவிட்டார்.

6

காரில் தர்சினியும் இருந்தாள், காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு. கேட்கவில்லை என்று நினைத்தேன். மறுநாள் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"இஸ் இற் சேஃப் தெயர், அம்மா?"

"இல்லை."

"தென் வை இஸ் ஹி கோயிங்?"

என்னால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. தமிழில் சொன்னேன். எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உங்கட கடைக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள்.

"விசரே உனக்கு? வரிசையில நிக்கமாட்டன் எண்டு நிக்கிற மனுசனை அங்க கொண்டுபோய் வரிசையில விடுறதோ?"

"இற்ஸ் நொட் செல்ஃப் சேர்விஸ், அம்மா. தே சேர்வ் யூ."

என் லீவு நாளில் போனோம். அப்பா சைவம். மாட்டிறைச்சிக் கரண்டி சோற்றில் படுமா என்று வாசலிலேயே கேட்டார், கள்ளிச்செடியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு. படாது என்று சத்தியம் பண்ணி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சோற்றுக்கு நின்றது டெனிஸ். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது அதுதான் முதல்தரம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கரண்டி சின்னது என்று தெரியவேயில்லை.

டெனிஸ் ஒரு கரண்டி போட்டாள். அப்பா, எழுபது வருடப் பழக்கம், உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மேலால் நீட்டி "போதும், போதும்" என்றார். டெனிஸ் நான் பழக்கியபடியே தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், நான் பழக்கியபடியே சிரித்தாள், நான் பழக்கியபடியே மணிக்கட்டை வளைத்து இரண்டாவதைப் போட்டாள்.

"எ லிற்றில் மோர் ஃபொர் யூ, சேர். நோ எக்ஸ்ட்ரா சார்ஜ்."

அப்பாவின் கை நீட்டியபடி நின்றது. கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியே பிள்ளை" என்றார். "எங்கட சனமே மறந்துபோச்சு. ஆரோ பெத்த பிள்ளை, இவவுக்கு ஆர் பழக்கினது?"

தர்சினி வாயைத் திறந்தாள். நான் அவளுடைய காலை மிதித்தேன்.

"என்ன சொன்னவ அவ?" என்று கேட்டார் அப்பா.

மேலதிகக் காசில்லை என்று சொன்னாள் என்று எப்படிச் சொல்ல?

"'வடிவாச் சாப்பிடுங்கோ ஐயா' எண்டு சொல்லுறா" என்றேன்.

அப்பா டெனிஸைப் பார்த்துக் கும்பிட்டார். அவளும் கரண்டியை வைத்துவிட்டுக் கையுறையோடு திருப்பிக் கும்பிட்டாள். அதை நான் பழக்கவில்லை.

மேசையில் இருந்து அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு சாப்பாட்டை முழுதாக முடித்து நான் பார்த்தது அதுதான் முதல்தரம். நான் வாய் திறக்கவில்லை, திறந்தால் அழுகை வந்துவிடும் அல்லது உண்மை வந்துவிடும். அவர் வாயைத் துடைத்துவிட்டு, என்னை விட்டுவிட்டுப் பேத்தியின் பக்கம் திரும்பினார். என் வாயில் அவருக்கு எப்போதும் அரை நம்பிக்கைதான்.

"தர்சி, உனக்குத்தானே இங்கிலீசு வடிவா விளங்கும். அந்தப் பிள்ளை என்ன சொன்னவ? சரியாச் சொல்லு."

தர்சினி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"'வடிவாச் சாப்பிடுங்கோ ஐயா. நீங்கள் இஞ்சயே எங்களோட இருங்கோ' எண்டு சொன்னவ, அம்மப்பா."

அப்பா வெறுங்கோப்பையை மேசை நடுவுக்குத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப டிக்கெற்றை விடு பிள்ளை" என்றார்.

நான் சொன்ன பொய் முதல் வசனம் மட்டுந்தான். இரண்டாவதை அவள் தானாகப் போட்டாள்.